கொடிமுந்திரியும் கொழுந்தும்

நெல்லும் கோதுமையும் இன்றி மனிதன் உயிர் வாழ்தல் அரிது. ஆயினும், இந்த அரிசி எந்த ஊர் வயலில், எந்த மேட்டில் விளைந்தது என்று கேட்டு விலை பேசுவோர் மிகச் சிலரே. விளைந்த இடத்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டு, அப்பெயருக்கென்றே விலை பெறும் பயிர்கள் சில உண்டு. அவற்றுள் தலையாயவை இரண்டு. ஒன்று, மேல்நாட்டார் மதுரசம் வடிக்கும் கொடிமுந்திரி. மற்றொன்று, எங்கள் மலைநாட்டுத் தேயிலை.

சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. திராட்சை என்று தமிழ்நாட்டார் கூறுவதை யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்பர். தமிழ்நாட்டில் முந்திரி என்றாலோ அது வேறொரு பருப்பு. நம் நாட்டில் அதற்கு மரமுந்திரிகை என்று பெயர், கடைத்தெருவில் கஜு. கொடியிற் காய்ப்பது கொடிமுந்திரி, மரத்திற் காய்ப்பது மரமுந்திரி என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்தது.

மதுவைப் பற்றி வானொலியிற் பேசலாமா என்று நேயர்கள் ஐயுற வேண்டா. குடிக்கச் சொல்வது என் நோக்கமன்று. சம்பள நாளன்று தோட்டப்புறங்களிலிருந்து சாராயக் கடைக்குப் போய்ச் சேரும் பணத்தைக் கண்ணாற் கண்டவன் எவனும் அக்காரியத்துக்குத் துணிய மாட்டான். நான் ஆராய விரும்புவது வேறு. ஒரு செடி, தான் வேரூன்றி நிற்கும் மண்ணின் சுவையையும், தன்மேல் வீசும் காற்றின் சுவையையும் எவ்வாறு தன்னுள் ஏற்றுக்கொள்கிறது? அச்சுவையினால் வரும் பெயரும் விலையும் யாரைப் போய்ச் சேருகின்றன? கொஸ்லந்தையில் நின்றுகொண்டு உலகத்தைப் பார்ப்பவனுக்கு இவ்விரு கேள்விகளும் ஒன்றாகவே எழுகின்றன.

கொடிமுந்திரி மது தமிழர் அறியாத பொருளன்று. யவனர் தம் கலங்களிற் கொண்டுவந்த தேறலைப் புறநானூறு பேசுகிறது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மோர்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. மதுவும் எண்ணெயும் நிரப்பி அனுப்பும் சாடிகள் அவை. எந்த ஊர்ச் சாடி என்பதை அதன் வடிவத்தைக் கொண்டே அறிஞர் சொல்லிவிடுவர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊர்ப் பெயர் சரக்கோடு பயணம் செய்திருக்கிறது.

கொடிமுந்திரி பெரும்பாலும் பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 30 பாகைக்கும் 50 பாகைக்கும் இடைப்பட்ட நாடுகளிலேயே மதுவுக்கெனப் பயிரிடப்படுகிறது. அதற்குக் குளிர்காலத்தில் ஓர் உறக்கம் வேண்டும். கோடையில் நீண்ட வெயில் வேண்டும். பழம் முதிரும் வேளையில் மழை பெய்யலாகாது. இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடங்களுள் முதலில் வைத்து எண்ணப்படுவது பிரான்ஸ் தேசம். அதன் மேற்குக் கரையிலே, ஜிரோந்து என்னும் கழிமுகத்தை அடுத்துப் போர்தோ இருக்கிறது. அங்கே மண் என்று சொல்லத்தக்கது சொற்பம். ஆறு கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல்லே மிகுதி. நெல் விளைக்கும் உழவன் அந்நிலத்தை ஏறெடுத்தும் பாரான். ஆனால் நீர் தேங்காத அக்கற்படுகையிலேதான் கொடி தன் வேரை ஆழச் செலுத்துகிறது. பகல் வெயிலைக் கல் பிடித்துவைத்து இரவிலும் வெதுவெதுப்பைத் தருகிறது. 1855இல் பாரிஸ் மாநகரில் நடந்த கண்காட்சிக்காக, அங்குள்ள தரகர்கள் தோட்டங்களை விலையின் வரிசைப்படி ஐந்து தரங்களாக வகுத்தனர். 1973இல் ஒரு தோட்டம் இரண்டாந் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது பெரிய செய்தியாயிற்று. மற்றபடி அன்று வகுத்த வரிசை பெரும்பாலும் இன்றும் அப்படியே நிற்கிறது. தரகர் எழுதிய பட்டியலுக்கு இத்தனை ஆயுளா என்று நாம் வியக்கலாம்.

போர்தோவினும் எனக்கு விருப்பமானது பர்கண்டி. கிழக்கு நோக்கிய ஒரு நீண்ட மலைச்சரிவு அது. அச்சரிவைச் சின்னஞ்சிறு துண்டுகளாக வகுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இட்டிருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அத்துண்டு நிலங்களை யுனெஸ்கோ நிறுவனம் 2015இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. வண்டிப் பாதைக்கு மேலே விளைந்த பழத்துக்கு ஒரு பெயர், கீழே விளைந்ததற்கு வேறு பெயர், வேறு விலை. சரிவின் நடுப்பகுதியே சிறந்தது என்பது அவர்கள் பல நூற்றாண்டுகள் பழகிக் கண்ட முடிவு. மழையில் அடிவாரத்துக்கு வழிந்தோடிய மண்ணைக் கூடையிற் சுமந்து மீண்டும் மேலே கொண்டுபோய்க் கொட்டும் வழக்கம் அங்கே இருந்தது. மண்ணுக்கு அத்தனை மதிப்பு! அந்த நிலத்துண்டுகள் பலவற்றுக்கு உழவர் குடும்பங்களே உடைமைக்காரர். மண்ணைச் சுமந்தவன் தன் மண்ணையே சுமந்தான் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வடக்கே ஷாம்பெய்ன், வெண்சுண்ணப் பாறையின் மேற் படர்ந்த குளிர்நாடு. நுரைத்தெழும் அதன் மதுவுக்கு அந்த மாகாணத்தின் பெயரே பெயராயிற்று. பிற இடத்தில் வடித்ததை அப்பெயரால் விற்பதை ஐரோப்பியச் சட்டம் தடுக்கிறது. ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரை. கரும்பலகைக் கல் உதிர்ந்து கிடக்கும் அச்சரிவுகளில் ஏணியில் ஏறுவதுபோல் ஏறிப் பழம் பறிக்கிறார்கள். போர்த்துக்கல் நாட்டின் தோரோப் பள்ளத்தாக்குக்கு 1756இலேயே அரசாங்கம் எல்லைக்கல் நாட்டியது; இன்ன எல்லைக்குள் விளைந்ததே போர்ட் மது என்று சட்டம் செய்தது. இத்தாலியில் தஸ்கனி, ஸ்பெயினில் ரியோஹாவும் ஹெரேசும், ஹங்கேரியில் தோக்காய் என்று பெயர்கள் நீளும். அவற்றையெல்லாம் ஒப்பிக்க இது பூகோள வகுப்பன்று. காற்றினாற் பெயர் பெற்ற இரண்டு இடங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பிரான்சின் கிழக்கெல்லையில் அல்சாஸ் உள்ளது. மேற்கிலிருந்து வரும் மேகங்களை வோஜ் மலைத்தொடர் தடுத்து நிறுத்தி, மழையை அந்தப் பக்கமே கொட்டச் செய்துவிடுகிறது. இந்தப் பக்கத்துக் கொல்மார் நகரம், பிரான்சின் மிக வறண்ட நகரங்களுள் ஒன்றாக வெயிலிற் காய்கிறது. அந்த வெயிலிலே பழம் நிதானமாகக் கனிகிறது. உலகின் மறுகோடியில், அர்ஜென்டினாவின் மென்டோசாவுக்கும் இதே கதைதான். அந்தீஸ் என்னும் மாமலை பசிபிக் கடலின் ஈரத்தையெல்லாம் மேற்குப் புறத்திலேயே வாங்கிக்கொள்கிறது. கிழக்கே இறங்கும் காற்று வறண்டு, சூடேறி வீசுகிறது. அதற்கு ஸோண்டா என்று ஒரு தனிப் பெயர். மழையில்லா அந்நிலத்தில் மலைப்பனி உருகிய நீரை வாய்க்காலிற் கொண்டுவந்து கொடிமுந்திரி வளர்க்கிறார்கள். இவ்விரண்டையும் நான் எடுத்துச் சொன்னதன் காரணம் ஊவா மாகாணத்தாருக்கு இப்போதே புரிந்திருக்கும்.

தென்னாபிரிக்காவின் கேப் பிரதேசமும் பெயர்பெற்ற மதுநாடு. அங்கே தோட்டத் தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே அளந்து கொடுக்கும் 'டொப்' முறை நெடுங்காலம் நிலவியது. சட்டம் அதைத் தடுத்த பின்னரும், அம்முறை விதைத்த குடிநோய் தலைமுறைகளைத் தொடர்ந்தது. அவுஸ்திரேலியாவில் கூனவாரா என்னும் இடம் சுண்ணாம்புக் கல்லின் மேற் படிந்த செம்மண்ணுக்குப் பெயர்போனது. சுண்ணக்கல்லின் மேற் செம்மண் என்றதும் நமக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வர வேண்டும். அங்கே கிணற்று நீர் இறைத்து, பந்தலிட்டு, முந்திரிகை வளர்க்கும் குடும்பங்கள் பல உண்டு. வெப்பநாட்டிலே கொடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லை. ஆகவே உழவன் கத்தரிக்கோலினால் அதை உறங்கவைத்து எழுப்புகிறான். கிளை நறுக்கிய கணக்கில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை காண்கிறான். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலும் இதுவே முறை. அங்கு விளையும் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அது பெரும்பாலும் தின்னும் பழம். இந்தியாவில் மது வடிப்பதற்குப் பெயர் பெற்றது மகாராஷ்டிரத்தின் நாசிக் நகரம்.

நேயர்களே, கொடிமுந்திரியின் கதையும் நம் மலைநாட்டின் கதையும் ஒரே பத்தாண்டில் வந்து முட்டிக்கொண்டன என்றால் நம்புவீர்களா? 1860களில், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சின்னஞ்சிறு பேன் பிரான்ஸ் நாட்டுக் கொடிகளின் வேரைப் பற்றியது. பிலோக்ஸெரா என்று பெயர். தோட்டந் தோட்டமாகக் கொடிகள் பட்டுப்போயின. அதே காலத்தில் இலங்கை மலைகளில் விளைந்தது தேயிலையன்று, கோப்பி. 1869இல், இதே பதுளைப் பகுதியைச் சேர்ந்த மடூல்சீமையில் கோப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் படிந்திருக்கக் கண்டார்கள். இலைத்துரு என்னும் பூஞ்சணம் அது. பத்து, இருபது ஆண்டுகளில் கோப்பிப் பயிர்த்தொழில் வீழ்ந்தது. ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி 1880 அளவில் இங்கு வந்து, நோய் பரவும் வகையைக் கண்டுபிடித்தார். காக்கும் வகையை அவராலும் காண முடியவில்லை. பிரான்ஸ் நாட்டார் தம் கொடியைக் கைவிடவில்லை. பேன் அழிக்க இயலாத அமெரிக்க வேரிலே பிரெஞ்சுக் கொடியை ஒட்டவைத்து, பழைய பெயரையும் பழைய சுவையையும் மீட்டுக்கொண்டார்கள். இலங்கைத் துரைமாரோ செடியையே மாற்றினார்கள். கோப்பி போயிற்று, தேயிலை வந்தது. மலை அதே மலை; அதில் வேலை செய்த மக்களும் அதே மக்கள்.

அவ்வாறு மாற்றுவதற்குக் கையிலே ஒரு செடி இருந்ததே, அதுவே நல்லூழ். ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1873இல் லண்டனுக்கு அனுப்பிய முதற் சரக்கு வெறும் 23 றாத்தல். கொழும்பில் ஏலம் 1883இல் தொடங்கியது.

தேயிலையின் தாயகம் சீனத்தின் தென்மேற்கும் அதனை அடுத்த மலைக்காடுகளும். புகியன் கடற்கரையார் அதைத் 'தே' என்றனர். டச்சு வணிகர் அச்சொல்லைக் கப்பலேற்றினர். தமிழன் அதனுடன் இலையைச் சேர்த்துத் தேயிலை ஆக்கிக்கொண்டான். தரைவழியே போன 'சா' என்னும் சொல் வடநாட்டிற் சாயாக நிற்கிறது. இன்றும் உலகில் மிகுதியாக விளைவிக்கும் நாடு சீனமே. யூயி மலைப் பாறையிடுக்குத் தேயிலை, ஹாங்ஜோவின் பச்சைத் தேயிலை, யுன்னானில் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பழுக்கவிடும் பூஅர் என்று அங்கே ஊருக்கொரு சுவை உண்டு. ஜப்பானியர் ஷிசுவோகாவிலும் ஊஜியிலும் இலையை ஆவியில் அவித்துப் பசுமை மாறாமற் காய்ச்சுகின்றனர்.

இந்தியாவில் அஸாம் தனி உலகம். பிரமபுத்திரையின் இரு மருங்கிலும் தாழ்ந்த சமவெளியிலே, பெரிய இலைத் தேயிலை கனத்து விளைகிறது. நாட்டின் விளைச்சலில் பாதிக்கு மேல் அங்கிருந்தே வருகிறது. கடுஞ்சாயமும் கனத்த சுவையும் அதன் இயல்பு. டார்ஜிலிங்கோ அளவிற் சிறியது. 87 தோட்டங்களே அப்பெயருக்கு உரியவை. அதன் இரண்டாம் பருவக் கொழுந்திலே எழும் மணத்துக்கு வணிகர் இட்ட பெயர் 'மஸ்கடெல்'. அது ஒரு கொடிமுந்திரியின் பெயர்! சிறு தத்துப்பூச்சி கடித்த கொழுந்து, அக்கடிக்கு எதிராகத் தன்னுள் சுரக்கும் பொருளினாலே அம்மணம் மிகுகிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பூச்சி கடித்ததற்கு இத்தனை விலை! 2004இல் இந்தியாவின் முதற் புவிசார் குறியீட்டைப் பெற்றதும் டார்ஜிலிங் தேயிலையே. தெற்கே நீலகிரியில், உறைபனி விழும் மாதங்களிற் பறித்த கொழுந்துக்குத் தனி மணம் உண்டு. ஆபிரிக்காவில் கென்யா 1903இல்தான் தேயிலையைக் கண்டது. இன்று கறுப்புத் தேயிலை ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கிறது. அங்கே விளைவதிற் பாதிக்கு மேற்பட்டது சிறு உழவர் நிலத்தில் விளைவது. துருக்கியர் கருங்கடற் கரையோரத்து ரிசேயில் விளைவிப்பதைத் தாமே குடித்துத் தீர்க்கின்றனர்.

இலங்கையில் நுவரெலியா, டிம்புளை, ஊவா, உடப்புசல்லாவை, கண்டி, சப்ரகமுவ, ருகுணை என ஏழு பிரதேசங்களைத் தேயிலைச் சபை வகுத்துள்ளது. விளைச்சலின் பெரும்பகுதி தாழ்நிலத்திலே சிறு தோட்டக்காரரிடமிருந்து வருகிறது. மத்திய கிழக்கு நாட்டார் விரும்பும் கடுஞ்சாயம் அதிலே கிடைக்கிறது. அளவிலே ஊவா முதன்மையானதன்று. அதன் பெருமை வேறு.

ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஹற்றன், வட்டவளைப் பக்கத்திலே நாட்கணக்கில் மழையாய்க் கொட்டித் தீர்க்கிறது. அந்த நாட்களில் அட்டன் ஸ்டேசனில் குடை பிடித்து ரயிலேறியவர் அப்புத்தளையைத் தாண்டியதும் குடையை மடக்கி வைத்துவிடுவார். மலைமுதுகைத் தாண்டும்போது காற்று தன் ஈரத்தையெல்லாம் இழந்து, வறண்டு, ஊவாப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அதுவே கச்சான் காற்று. அல்சாஸுக்கு வோஜ் மலையும், மென்டோசாவுக்கு அந்தீஸும் செய்ததை ஊவாவுக்கு இந்த மலைத்தொடர் செய்கிறது. பகலில் வெயில், இரவிற் குளிர், இடையறாத வறண்ட காற்று. கொழுந்து துளிர்ப்பது மெதுவாகிறது. வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்து, தற்காப்புக்கும் மணத்துக்கும் போகிறது. வேப்பெண்ணெய் போன்ற கசப்பன்று, வின்டர்கிரீன் தைலம் தேய்த்தாற்போலக் குளிர்ந்தெழும் மணம் ஒன்று அந்தத் தேநீரில் உண்டாகிறது. வேதியியலார் அதற்குக் காரணமாகச் சுட்டும் பொருள் மெத்தில் சாலிசிலேற்று. அந்தத் தைலத்தில் உள்ளதும் அதுவே. ஓகஸ்து மாதத்தை ஒட்டிய சில வாரங்களே இந்தச் சுவையின் காலம். மழை ஒன்று விழுந்தால் மணம் போய்விடும்.

சுவையைப் பிடிப்பது ஸ்டோரின் வேலை. கொழுந்தை மேல்மாடித் தட்டுகளில் வாட்டுகிறார்கள். உருளையில் அரைத்து நொறுக்குகிறார்கள். பின்பு பரப்பிவைத்துப் பழுக்கவிடுகிறார்கள். இதைப் புளிக்கவைத்தல் என்று சொல்லும் வழக்கம் இருந்தாலும், கொடிமுந்திரிச் சாற்றை மதுவாக்கும் நொதிக்கு இங்கே வேலையில்லை. காற்று பட்டு இலை நிறம் மாறும் செயலே இது. கச்சான் பருவத்தில் இந்நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். நேரம் கூடினால் சாயம் ஏறும், மணம் இறங்கும். உலர்த்தும் அடுப்புக்கு எந்த நிமிடத்தில் அனுப்புவது என்பதை முகர்ந்தே முடிவுசெய்யும் அனுபவசாலிகள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி அந்தப் பெயர் போகும் வழியைப் பார்ப்போம். கொழும்பு ஏலத்தில் ஒவ்வொரு ஸ்டோரின் சரக்கும் அதன் தனிப் பெயராலேயே விற்கப்படுகிறது. சுவைஞர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, இது எந்த மலையது என்று சொல்லுவார். ஆக, வாங்கும் வணிகனுக்குப் பெயர் தெரியும். அதன் பிறகுதான் பெயர் மறைகிறது. பல நாட்டுத் தேயிலைகளை ஒன்றாய்க் கலந்து, ஆண்டு முழுவதும் ஒரே சுவையாய்ப் பெட்டியில் அடைப்பது பெரும் வியாபாரிகளின் கலை. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னத் தோட்டத்தை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று விளம்பரமும் செய்தார். உலகெங்கும் பரவியது அவர் பெயர். தம்பேதன்னவின் பெயரைப் பாரிஸிலும் நியூயோர்க்கிலும் எத்தனை பேர் அறிவர்? பர்கண்டியிலே ஓர் ஏக்கர் நிலத்துக்குப் பெயருண்டு. ஊவாவின் கச்சான் தேயிலையிற் பெரும்பகுதி, பெயரின்றிப் பிறவற்றுக்கு மணமூட்டப் போய்விடுகிறது. தேயிலைச் சபையின் சிங்க முத்திரை இலங்கையிலேயே அடைத்த கலப்பில்லாத இலங்கைத் தேயிலைக்குக் காவலாக நிற்கிறது. அது நாட்டின் பெயரைக் காக்கிறது, மலையின் பெயரை அன்று. இலங்கைக் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பைப் பெற்றுவிட்டது. கறுவாவுக்குக் கூடிய காரியம் ஊவாத் தேயிலைக்கும் கூடும் என்றே நான் கருதுகிறேன்.

தோட்டத்துத் தமிழில் 'பேர்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. செக்ரோலில் விழும் ஒரு நாள் வேலைக்கும் பேர் என்றே பெயர். தோட்டம் விதித்த நிறைக்குக் கொழுந்து கொண்டுவந்தால் முழுப் பேர்; குறைந்தால் அரைப் பேர். இப்போது கச்சான் காலத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வாரங்களிலே கொழுந்து அருகிவிடுகிறது, இலை சிறுத்துவிடுகிறது, காலை முதல் மாலை வரை நிரை விட்டு நிரை மாறிப் பறித்தாலும் கூடை நிறைவதில்லை. தேயிலை மிக்க விலை பெறும் அதே வாரத்திலே, அதைப் பறித்தவளின் தராசுத் தட்டு மேலே நிற்கிறது. சுவைக்குக் கூலி இல்லை, நிறைக்கே கூலி. கொடிமுந்திரி நாடுகளிலும் கூலியாட்கள் உண்டு, அவர்களுக்கும் குறைகள் உண்டு. ஆனால் நல்ல ஆண்டு வாய்த்தால், விளைச்சல் குறைந்தாலும் விலையினால் வாழும் சிறுநில உழவன் அங்கே இருக்கிறான். இங்கே அத்தகையவனாவதற்கு மலையகத் தொழிலாளிக்குக் காலடியில் மண் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவன் குடியுரிமையைப் பறித்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அக்குறை முழுமையாகத் தீரவில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992இல் நிருவாகம் கம்பெனிகளின் கைக்கு வந்தது. கைமாறிய ஒவ்வொரு முறையும் லயம் அதே லயமாகவே நின்றது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க் கூலிக்காகச் செய்த போராட்டம் 2021இல் நிறைவேறுவதற்குள் விலைவாசி அதைத் தாண்டிவிட்டது. அதே ஆண்டில் இரசாயன உர இறக்குமதியை அரசு தடுத்தது. ஆண்டு முடியுமுன் அத்தடை கைவிடப்பட்டது. ஆயினும் 2013இல் 34 கோடி கிலோவாக இருந்த நாட்டின் விளைச்சல் 2022இல் ஏறக்குறைய 25 கோடிக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் முதலிற் குறைவது பேர்.

கச்சானைத் தரும் மலைக்கு மறுபக்கமும் உண்டு. ஒக்டோபர் முதல் தென்மேற்குக் காற்று ஓய்ந்து, ஊவாவுக்கு மழை வருகிறது. மாதக்கணக்கில் வறண்டு கிடந்த சரிவு திடீரென்று நீரைக் குடிக்கிறது. கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள மீரியபெத்தத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை இறங்கியது. லயன்கள் வரிசையாக மண்ணுள் அமிழ்ந்தன. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் தப்பினர்; வீட்டிலிருந்த பெற்றோரை அவர்கள் மீண்டும் காணவில்லை. புதையுண்டவர் பலரின் உடல்கள் கடைசிவரை எடுக்கப்படவேயில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தால் மட்டும் போதுமா? போவதற்கு வேறு காணியும், கட்டுவதற்குக் கையிற் பணமும் இருந்தால் அல்லவா லயத்தை விட்டுப் போக முடியும்?

மலைச்சரிவில் பயிர் செய்வது பாவமன்று. மோசெலிலும் தோரோவிலும் இதனினும் செங்குத்தான சரிவுகளிலே பயிர் செய்கிறார்கள். தேயிலைத் தோட்டத்திலும் பழைய நாளில் கான் வெட்டுவதும், வெட்டிய கானைத் தூர் வாருவதும் தனி வேலையாக நடந்தன. மழைநீரைச் சரிவுக்குக் குறுக்கே மெல்ல நடத்தி ஓடையிற் சேர்ப்பது அக்கான்களின் தொழில். ஆட்கூலியை மிச்சப்படுத்த முதலில் நிறுத்தப்படும் வேலைகளுள் அதுவும் ஒன்று. கான் தூர்ந்தால் நீர் கீழே போகாது, உள்ளே போகும். பர்கண்டியின் உழவன் வழிந்த மண்ணை ஏன் கூடையிற் சுமந்து ஏற்றினான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இன்னும் பல தோட்டங்களில் லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறிப் போய்ச் சேரும். வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து வந்து சேர்ந்த கதை ஒவ்வொரு டிவிஷனிலும் ஒன்றிரண்டு உண்டு. ஏழு பேர்ச்சுக் காணியும் அதற்கு உறுதியும் என்னும் திட்டம் சில இடங்களில் நிறைவேறி, பல இடங்களிற் காத்திருக்கிறது. மது நாடுகளின் அனுபவத்தை இங்கு எடுத்தாள விரும்பும் அதிகாரிகள், போர்தோவின் மாளிகைகளைப் போய்ப் பார்ப்பதைக் காட்டிலும் பர்கண்டியின் சிறு நிலங்களையும் கென்யாவின் சிறு தேயிலை உழவரின் கூட்டு ஸ்டோர்களையும் பார்ப்பது பயன் தரும். தாழ்நிலத்திலே சிறு தோட்டக்காரர் விளைவித்துக் காட்டியிருப்பதை, மலைநாட்டுத் தொழிலாளர் குடும்பங்களும் செய்ய இயலாது என்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நூற்றாண்டுகளாக இந்த மண்ணையும், தேயிலை வந்த நாள் முதல் இந்தச் செடியையும் அவர்களைவிட அறிந்தவர் யார்?

கச்சான் தேயிலையைச் சுவைத்துப் பார்க்க விரும்பும் நேயர்கள் செப்டம்பர், ஒக்டோபர் மாதங்களிற் பதுளை, பண்டாரவளைக் கடைகளில் விசாரிக்கலாம். பெட்டியின் மேல் ஊவா என்ற பெயர் மட்டும் போதாது. எந்தத் தோட்டம், எந்த மாதத்துப் பறிப்பு என்றும் கேளுங்கள். கொதித்த நீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்து, பாலும் சீனியும் சேர்க்காமல் முதலில் ஒரு மிடறு குடியுங்கள். நாவின் நுனியிலன்று, தொண்டையின் பின்புறத்தில் மூக்குக்கு ஏறும் குளிர்ச்சி ஒன்று தெரியும். பால் விட்ட பிறகும் அது மறையாதிருந்தால், கடைக்காரர் சொன்னது உண்மை.